ஐயெல்ட்ஸ் பார் சார்ட்: இருபது நிமிடத்தில் எழுதி முடிக்க ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு ஐயெல்ட்ஸ். முதல் தடவை நான் அதை எழுதியபோது, ரைட்டிங் பிரிவில் வந்த பார் சார்ட்டில் (பட்டை வரைபடம்) ஆறு நாடுகள், நான்கு ஆண்டுகள், மொத்தம் இருபத்து நான்கு பட்டைகள். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். இருபத்து இரண்டு பட்டை வரை வந்தேன். கடைசியில் "அரசு இதற்குத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று ஒரு முடிவுரை வேறு. நிமிர்ந்து பார்த்தால் 34 நிமிடம் போயிருந்தது. அடுத்த கேள்வியான கட்டுரைக்கு மிச்சம் 26 நிமிடம். ரைட்டிங்கில் 9க்கு 5.5 வந்தது. நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் மொத்தத்தில் 6.5, எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக் கூடாது என்று கேட்டிருந்தது. கேட்டல், வாசித்தல், பேசுதல் என்ற மற்ற மூன்றிலும் 7க்கு மேல் இருந்தும் கதவு சாத்தியாகிவிட்டது.

இரண்டாம் தடவை 6.5 எடுத்தேன். இடைப்பட்ட இரண்டு மாதத்தில் என் ஆங்கிலம் ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். கணினித் தேர்வில் ஸ்பெல் செக் கிடையாது, எழுத்துக்கூட்டல் கைக்கு வந்தாக வேண்டும்.

1. பணம் கட்டும் முன்

ஐயெல்ட்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என இரண்டு வகை. பார் சார்ட் வருவது அகாடமிக்கில் மட்டும். ஜெனரலில் அதற்குப் பதிலாகக் கடிதம். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் வழக்கமாக அகாடமிக் எழுதுகிறார்கள். கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் பி.ஆர். விண்ணப்பத்துக்குக் கேட்பது ஜெனரல். என்னோடு பயிற்சிக்கு வந்த ஓர் அண்ணன் பி.ஆருக்காகத்தான் வந்திருந்தார், இரண்டு வாரம் எங்களோடு உட்கார்ந்து சார்ட் எழுதிக்கொண்டிருந்தார். உங்களுக்கு எது வேண்டும் என்று விண்ணப்பிக்கும் இடத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

ஆவணம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: பாஸ்போர்ட். இந்தியாவில் எழுதுகிறவர்களுக்கு ஆதார், ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. ஜெராக்ஸும் செல்லாது, அசலோடு போக வேண்டும். பதிவின்போது எந்த பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தீர்களோ அதுவே கையில் இருக்க வேண்டும். தேர்வு நாளன்று அது காலாவதியாகியிருக்கவும் கூடாது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இருக்கும், சிலருக்கு சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். பதிவுப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். நான் பழக்கதோஷத்தில் இனிஷியலைப் போட்டுவிட்டு, திருத்தச் சொல்லி நான்கு மெயில் அனுப்ப வேண்டியதாயிற்று.

கட்டணம்: 2024இல் நான் எழுதியபோது 17,000 ரூபாய். இரண்டு முறை கட்டினேன், 34,000 ரூபாய். கட்டணம் அவ்வப்போது ஏறும், பதியும் நாளில் தளத்தில் இருப்பதுதான் கணக்கு. பல்கலைக்கழகக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகத் தேதி எடுங்கள். ஒருமுறை தவறினால் மறுபடி எழுத இடம் இருக்கும். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும் என்பதால் சீக்கிரம் எழுதிவைப்பதில் நஷ்டம் இல்லை.

2. நேரத்தைப் பங்கு போடுங்கள்

ரைட்டிங் மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1 சார்ட், குறைந்தது 150 வார்த்தை. டாஸ்க் 2 கட்டுரை, குறைந்தது 250 வார்த்தை. கட்டுரைக்கு இரட்டை மதிப்பு. அதாவது சார்ட்டின் பங்கு மூன்றில் ஒன்று. நான் செய்தது போல அதற்குப் பாதி நேரத்துக்கு மேல் கொடுத்தால் இரண்டும் கெடும்.

20 நிமிடம் ஆனதும் மணி அடித்து யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேரமும் உங்கள் கையில்தான். கணினியில் மீதி நேரம் திரையின் மேலே ஓடும். 40 என்று காட்டும்போது சார்ட் எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கட்டுரைக்குப் போங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம், தடையில்லை.

அந்த இருபது நிமிடத்தை நான் இப்படிப் பிரித்தேன்: பார்ப்பதற்கு 4, எழுதுவதற்கு 13, திருத்துவதற்கு 3.

3. நான்கு நிமிடம் சும்மா பாருங்கள்

எல்லாரும் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கும்போது சும்மா உட்கார்ந்திருக்க மனசு வராது. ஆனாலும் உட்காருங்கள். ஒரு நிஜமான புள்ளிவிவரத்தை வைத்துச் சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் எழுத்தறிவு விகிதம், நான்கு மாநிலங்களுக்கு, ஆண் பெண் தனித்தனியாக:

கேரளா: ஆண் 96.1, பெண் 92.1
தமிழ்நாடு: ஆண் 86.8, பெண் 73.4
ராஜஸ்தான்: ஆண் 79.2, பெண் 52.1
பீகார்: ஆண் 71.2, பெண் 51.5

இதை எட்டுப் பட்டைகளாக மனதில் வரைந்துகொள்ளுங்கள். முதலில் பட்டைகளைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். அலகு என்ன? சதவீதம். ஆட்களின் எண்ணிக்கை இங்கே இல்லை. எந்த ஆண்டு? 2011, ஒரே ஆண்டு. அப்படியென்றால் இறந்தகாலம், ஏறுவதும் இறங்குவதும் இதில் கிடையாது. யாருடைய சதவீதம்? ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுடையது.

அடுத்து, கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண்கள் மங்கிப்போய் உருவம் மட்டும் தெரிய வேண்டும். என்ன தெரிகிறது? நான்கு ஜோடியிலும் ஆண் பட்டை உயரம். கேரள ஜோடி ஏறக்குறைய சமம். ராஜஸ்தான் ஜோடியில் ஒரு பெரிய பள்ளம். இந்த மூன்றும்தான் உங்கள் ஓவர்வியூ, அதாவது சார்ட்டின் மொத்தப் போக்கைச் சொல்லும் பத்தி. கொடுத்திருக்கும் தாளில் பென்சிலால் மூன்று சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு சுவாரசியமான ஒன்றிரண்டு ஒப்பீட்டைத் தேடுங்கள். கேரளப் பெண்களின் விகிதம் மற்ற மூன்று மாநில ஆண்களுடையதைவிட அதிகம். தமிழ்நாட்டுப் பெண்கள் பீகார் ஆண்களைத் தாண்டியிருக்கிறார்கள். ராஜஸ்தான் ஆண்கள் பீகார் ஆண்களைவிட 8 புள்ளி மேலே, பெண்களோ இரண்டு மாநிலத்திலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். எட்டு எண்ணை வரிசையாகப் படித்தால் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

4. முதல் வரி: கேள்வியை உங்கள் சொல்லில்

கேள்வியில் ஒரு வாக்கியம் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் அந்தச் சொற்கள் உங்கள் கணக்கில் சேராது. 150ஐத் தொட்டுவிட்டோம் என்று நினைப்பீர்கள், தேர்வாளர் கணக்கில் 125தான் இருக்கும்.

கேள்வி 'ஷோஸ்' என்றால் நீங்கள் 'கம்பேர்ஸ்' என்று போடலாம். 'த பர்சென்டேஜ் ஆஃப் பீப்பிள் ஹூ குட் ரீட் அண்ட் ரைட்' என்றிருந்தால் 'லிட்ரசி ரேட்ஸ்' என்று சுருக்கலாம்:

"த பார் சார்ட் கம்பேர்ஸ் த லிட்ரசி ரேட்ஸ் ஆஃப் மென் அண்ட் விமன் ஏஜ்ட் செவன் அண்ட் ஓவர் இன் ஃபோர் இந்தியன் ஸ்டேட்ஸ் இன் 2011."

ஒரே வாக்கியம் போதும், இதற்கு மேல் மெனக்கெடாதீர்கள். எல்லாச் சொல்லையும் மாற்றியே தீர வேண்டும் என்று 'விமன்' இருந்த இடத்தில் 'லேடீஸ்' போட்டவர்கள் உண்டு. மாற்றமுடியாத சொல்லை விட்டுவிடுங்கள்.

5. ஓவர்வியூ: மதிப்பெண் இங்கேதான்

ஐயெல்ட்ஸ் தளத்திலேயே பேண்ட் விவரக் குறிப்புகள் (எந்த மதிப்பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற விளக்கம்) இலவசமாகக் கிடைக்கின்றன. டாஸ்க் 1க்கான பக்கத்தை முழுதாகப் படியுங்கள். நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை: கேட்டதைச் செய்தீர்களா, ஓட்டம் கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். முதல் அளவுகோலில் 5க்கும் 7க்கும் நடுவே உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓவர்வியூதான். 7க்குத் தெளிவான ஓவர்வியூ வேண்டும். அது இல்லாமல் விவரத்தை இயந்திரம் போல ஒப்பித்தால் 5 பக்கம் இழுத்துவிடும். நான் பணம் கட்டிய பயிற்சி மையத்தில் எட்டு வாரத்தில் இந்தப் பக்கத்தை ஒருமுறைகூடக் காட்டவில்லை. பத்து 'டெம்ப்ளேட்' கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தோற்ற பிறகுதான் நானே தேடிப் படித்தேன்.

எழுதும் முறை எளிது. முதல் வரியை அடுத்துப் புதுப் பத்தி, 'ஓவரால்' என்று தொடக்கம், இரண்டு வாக்கியம், எண் ஒன்றுகூட வேண்டாம்:

"ஓவரால், மென் வர் மோர் லைக்லி டு பி லிட்ரேட் தான் விமன் இன் ஆல் ஃபோர் ஸ்டேட்ஸ். த கேப் வாஸ் நேரோவெஸ்ட் இன் கேரளா, விச் ஹேட் த ஹையஸ்ட் ரேட்ஸ் ஃபார் போத் செக்ஸஸ், அண்ட் வைடஸ்ட் இன் ராஜஸ்தான்."

ஓவர்வியூவைக் கடைசியிலும் வைக்கலாம், குற்றமில்லை. ஆனால் நேரம் போய்விட்டால் விடுபடுவதும் கடைசியில் இருப்பதுதான். நான் இரண்டாம் பத்தியிலேயே வைத்துவிடுவேன்.

இதோடு 'இன் கன்க்ளூஷன்' பத்தியை மறந்துவிடுங்கள். காரணமும் வேண்டாம், கருத்தும் வேண்டாம். கேரளாவில் ஏன் அதிகம் என்று உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். சார்ட்டில் இல்லாததை எழுதினால் மதிப்பெண் கிடையாது.

6. விவரப் பத்திகள் இரண்டு

எட்டுப் பட்டையை எப்படி இரண்டு பத்தியாகப் பிரிப்பது? புதிதாக எழுதுகிறவர்கள் ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி என்று போவார்கள். அப்படிச் செய்தால் நாம் கண்ட பெரிய விஷயமான இடைவெளியைப் பற்றிப் பேச இடமே இருக்காது. இங்கே மேலே இருக்கும் இரண்டு மாநிலம் ஒரு பத்தி, கீழே இருக்கும் இரண்டு மாநிலம் இன்னொரு பத்தி. ஓவர்வியூவில் எதைச் சொன்னீர்களோ, அதை நிரூபிக்க வசதியாகப் பிரியுங்கள்.

மூன்றாம் பத்தி இப்படித் தொடங்கலாம்: "இன் கேரளா, 96.1% ஆஃப் மென் அண்ட் 92.1% ஆஃப் விமன் குட் ரீட் அண்ட் ரைட், எ டிஃபரன்ஸ் ஆஃப் ஒன்லி 4 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ். இன் ஃபேக்ட், த ஃபிகர் ஃபார் விமன் தேர் எக்சீடட் தட் ஃபார் மென் இன் எனி ஆஃப் த அதர் ஸ்டேட்ஸ்." பிறகு தமிழ்நாட்டுக்கு ஒரு வாக்கியம்.

நான்காம் பத்தியில் ராஜஸ்தான், பீகார். ஆண்கள் 79.2, 71.2 என்று சொல்லிவிட்டு, பெண்கள் விகிதம் இரண்டிலும் 52ஐ ஒட்டியே இருந்தது என்று முடியுங்கள். பீகார்ப் பெண்களின் 51.5ஐத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'அரவுண்ட் 52% இன் போத் ஸ்டேட்ஸ்' என்றால் இரண்டு பட்டை ஒரே வீச்சில் முடிந்தது.

இந்தச் சார்ட் சிறியது என்பதால் எல்லா எண்ணும் வந்துவிடும். எனக்கு வந்தது போல இருபத்து நான்கு பட்டை வந்தால் எட்டு, பத்து எண்ணோடு நிறுத்துங்கள்: மிக உயரம், மிகக் குட்டை, பெரிய மாற்றம், விதிவிலக்கு. எண் அச்சிடாத சார்ட்டில் அளவுகோலைப் பார்த்து 'ஜஸ்ட் ஓவர் 70%', 'ரஃப்லி 85%' என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால் 60க்கும் 80க்கும் நடுவில் நிற்பதை 78 என்று எழுதாதீர்கள், தவறான தரவு மதிப்பெண்ணைக் கடிக்கும்.

7. நம் தமிழ் காலை வாரும் இடங்கள்

இதைப் பயிற்சி மையத்தில் சொல்லித்தர மாட்டார்கள். என் பழைய விடைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தியபோது, பாதித் தவறு தமிழில் யோசித்ததால் வந்தது என்று தெரிந்தது.

முதலாவது, நாம் 'கேரளா தமிழ்நாட்டைவிட அதிகம்' என்று சர்வசாதாரணமாகச் சொல்வோம், கேட்பவருக்கும் புரியும். அதை அப்படியே 'த ரேட் இன் கேரளா வாஸ் ஹையர் தான் தமிழ்நாடு' என்று எழுதினால், ஒரு சதவீதத்தை ஒரு மாநிலத்தோடு ஒப்பிட்டதாக ஆகிவிடும். 'ஹையர் தான் தட் இன் தமிழ்நாடு' என்று அந்த 'தட்' வர வேண்டும். பன்மையென்றால் 'தோஸ்'. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் போட்டாலே இலக்கணத்தில் ஒரு படி ஏறலாம்.

இரண்டாவது, 'பை'யும் 'டு'வும். ஆண்டுகள் வரும் சார்ட்டில் '10 கூடியது' என்றால் 'ரோஸ் பை 10'. '10 ஆகக் கூடியது' என்றால் 'ரோஸ் டு 10'. தமிழில் 'ஆக' வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் 'டு' வரும் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். இதுவரை அது பொய்த்ததில்லை.

மூன்றாவது, சதவீதமும் சதவீதப் புள்ளியும். ராஜஸ்தானில் இடைவெளி 27 'பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. அதை '27% ஹையர்' என்று எழுதினால் கணக்கே தப்பு. 52.1ஐவிட 79.2 என்பது ஏறத்தாழ 52% அதிகம்.

நான்காவது, ஒரே ஆண்டுச் சார்ட்டில் 'இன்கிரீஸ்ட்', 'டிராப்ட்'. பட்டைகள் இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்ததும் கை தானாக 'டிக்ரீஸ்ட்' என்று அடிக்கும். கேரளாவிலிருந்து பீகாருக்கு எதுவும் குறைந்து போகவில்லை, அவை நான்கு தனி மாநிலங்கள். இங்கே 'ஹையர்', 'லோயர்' மட்டுமே.

லட்சம், கோடி வேண்டாம். பத்து லட்சம் ஒரு 'மில்லியன்', ஒரு கோடி பத்து 'மில்லியன்'. அலகு சதவீதமாக இருக்கும்போது 'த நம்பர் ஆஃப் விமன்' என்று எழுதாதீர்கள். பீகாரின் சதவீதம் குறைவு என்பதால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் அங்கே குறைவு என்று ஆகிவிடாது. எதிர்கால ஆண்டு இருந்தால் 'இஸ் ப்ரொஜெக்டட் டு'. 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற சொல்லை வாக்கியத்தின் கடைசியில், அதுவும் விடை முழுக்க ஒரே ஒரு தடவை.

8. கடைசி மூன்று நிமிடம்

கணினியில் வார்த்தைக் கணக்கு கீழே தெரியும். 160லிருந்து 190 வரை நல்லது. 150க்குக் கீழே போனால் அடி, 220க்கு மேலே போனால் கட்டுரைக்கான நேரத்தைத் தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டாம் தடவை எனக்கு 172 வந்தது.

எல்லாவற்றையும் மறுபடி படிக்க நேரம் இருக்காது. மூன்றை மட்டும் பாருங்கள்: ஒவ்வொரு எண்ணும் சார்ட்டோடு ஒத்துப்போகிறதா, வினைச்சொற்கள் ஒரே காலத்தில் இருக்கின்றனவா, 'வாஸ்', 'வர்' ஒருமை பன்மைக்குப் பொருந்துகின்றனவா. புள்ளி வைத்துப் பட்டியலாக எழுதியிருந்தால் வாக்கியமாக மாற்றுங்கள், பட்டியல் ஏற்கப்படாது.

9. வீட்டில் பழகுவது

முழு விடையாக நாளுக்கு மூன்று எழுதிக் களைத்துப்போகாதீர்கள். முதல் வாரம் ஓவர்வியூ மட்டும். ஒரு சார்ட், நான்கு நிமிடம் பார்த்தல், இரண்டு வாக்கியம், அவ்வளவே. செய்தித்தாளில் வரும் எந்தப் பார் சார்ட்டும் இதற்கு ஆகும். நான் காலை பஸ்ஸில் மொபைலில் எழுதினேன். அடுத்த வாரம் முழு விடை, கடிகாரம் வைத்து, கணினி கீபோர்டில், ஆட்டோகரெக்ட்டை அணைத்துவிட்டு. அந்தக் கடைசி விஷயம் முக்கியம். 'பர்சென்டேஜ்' என்ற சொல்லை நான் ஆண்டுக்கணக்கில் தப்பாகத்தான் அடித்துவந்திருக்கிறேன், மொபைல்தான் திருத்திக் கொடுத்திருக்கிறது.

10. மதிப்பெண் வந்த பிறகு

கணினித் தேர்வின் முடிவு எனக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. சார்ட்டுக்கு எவ்வளவு, கட்டுரைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள், ரைட்டிங்குக்கு ஒரே எண்தான்.

அரை பேண்டில் தவறினால் இரண்டு வழி. மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தனிக் கட்டணம் உண்டு, மதிப்பெண் மாறினால் அது திரும்பக் கிடைக்கும். சார்ட்டில் ஓவர்வியூவே எழுதவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் இதில் காசைப் போடாதீர்கள்.

இன்னொன்று ஒன் ஸ்கில் ரீடேக். கணினியில் எழுதியவர்கள் ஒரே ஒரு பிரிவை மட்டும், முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள், ஒருமுறை திரும்ப எழுதலாம். ஆனால் எல்லா நிறுவனமும் இதை ஏற்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்கு வந்த பதில் 'ஒரே அமர்வில் எடுத்த மதிப்பெண்தான் வேண்டும்' என்பது, அதனால்தான் மறுபடி முழுத் தேர்வு. அந்தப் பதில் வரவே ஒன்பது நாள் ஆனது. உங்கள் 60 நாளில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.